குளிர் விரும்பும் ஆர்க்கிட் காரைக்காலில் வளருமா? தொட்டி மாற்றமும் பராமரிப்பும்

ஏற்காடு, கொடைக்கானல், உதகை ஆகிய மலை ஊர்களுக்குச் சென்று திரும்புவோர் பலர் பூத்த ஆர்க்கிட் செடி ஒன்றைத் தொட்டியோடு வாங்கி வருவது வழக்கமாகி வருகிறது. வீட்டிற்கு வந்த சில வாரங்கள் வரை பூ வாடாமல் நிற்கும். பிறகு பூ உதிரும், இலை மஞ்சளாகும். செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் அதிகமாக ஊற்றுவார்கள். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் அடித்தண்டு அழுகிச் செடி சாய்ந்துவிடும். ஒரு செடியோடு போனால் நட்டம் சிறிதே. ஆனால் தென்னந்தோப்பின் நிழலில் நூறு, இருநூறு செடிகளை வைத்துப் பூ விற்கலாம் என்று எண்ணும் சிறு விவசாயிகளும் இப்போது நம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்கள் முதல் போடுமுன் இரண்டு செய்திகளைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்கப்போகும் ஆர்க்கிட் குளிர் விரும்பும் இனமா, வெப்பம் தாங்கும் இனமா என்பது ஒன்று. அதன் வேர் எப்படி வாழ்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தெரிந்தால் தொட்டி மாற்றுவதும் பராமரிப்பதும் எளிது. தெரியாவிட்டால் எவ்வளவு உழைத்தாலும் பயன் இல்லை.

மண்ணில் வேர் விடாத செடி

அழகுக்காக வளர்க்கப்படும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரத்தின் மீது வாழும் செடிகள். மரத்தின் மேல் வளரும் செடி எதுவாயினும் அதைப் புல்லுருவி என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. இது சரியன்று. புல்லுருவி மரத்தின் கிளைக்குள் வேரைச் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்குமேயன்றி அதன் சாற்றைத் தொடுவதில்லை. மழைநீர், பனி, பட்டையின் இடுக்கில் சேரும் தூசி, மட்கிய இலை ஆகியவற்றிலிருந்தே தன் உணவைத் தேடிக்கொள்ளும். தென்னிந்தியச் சமவெளிகளில் மா முதலிய மரங்களில் காணப்படும் வாண்டா டெசலேட்டா என்ற ஆர்க்கிட் இத்தகையதே.

இச்செடிகளின் வேரைக் கூர்ந்து பார்த்தால் அதன் மேல் வெள்ளையான, பஞ்சு போன்ற ஓர் உறை இருப்பது தெரியும். மழை பட்டதும் இவ்வுறை நீரை உறிஞ்சிக்கொண்டு பச்சை நிறம் காட்டும். உலர்ந்ததும் மீண்டும் வெள்ளையாகிவிடும். நனைவதும், நனைந்தபின் காற்றுப் படுவதும் இந்த வேருக்கு இயற்கை. நெற்பயிரின் வேரில் இலையிலிருந்து காற்றைக் கீழே கொண்டு செல்லும் குழல்கள் உண்டு. ஆகையால்தான் நெல் தேங்கிய நீரில் வாழ்கிறது. ஆர்க்கிட் வேரில் அத்தகைய ஏற்பாடு இல்லை. அது தேங்கிய நீரில் நின்றால் மூச்சுத் திணறி அழுகிவிடும்.

எனவே, ஈரம் விரும்பும் ஆர்க்கிட் என்று சொல்லும்போது அதன் பொருளைச் சரியாக உணர வேண்டும். ஈரக்காற்றும், அடிக்கடி நனைந்து வடியும் வேர்ப்பகுதியும் வேண்டும் என்பதே பொருள். நீர் நிற்கும் தொட்டி வேண்டும் என்பது பொருளன்று.

குளிர் விரும்பும் சிம்பிடியம்

மலை ஊர்களில் வாங்கி வரும் செடிகளில் முக்கியமானது சிம்பிடியம். புல்லைப் போன்று நீண்ட இலைகளும், அடியில் வெங்காயம் போலப் பருத்த குமிழ்களும், ஒரே காம்பில் பத்துக்கும் மேற்பட்ட பெரிய பூக்களும் கொண்டது. இக்குமிழ்கள் உண்மையில் பருத்த தண்டுகளே. இவற்றில்தான் செடி நீரையும் உணவையும் சேமித்து வைக்கிறது.

இப்போது விற்பனையில் உள்ள பெரும்பூச் சிம்பிடியங்கள் இமயமலைச் சாரலிலும் மியான்மர், வியட்நாம் மலைகளிலும் தோன்றிய இனங்களின் கலப்பினங்கள். மனிதர் கையால் உருவாக்கிய முதல் சிம்பிடியம் கலப்பினம் இங்கிலாந்தில் 1889 ஆம் ஆண்டு பூத்தது. நம் நாட்டில் சிக்கிம் மாநிலத்திலும் டார்ஜிலிங், கலிம்போங் மலைப்பகுதிகளிலும் இது வணிக முறையில் பயிரிடப்படுகிறது. ஆர்க்கிட் ஆராய்ச்சிக்கென்றே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் ஒன்று சிக்கிமில் பாக்கியாங் என்ற ஊரில் 1996 இல் தொடங்கப்பட்டது. நம் பக்கத்தில் சேர்வராயன் மலையில் ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் உள்ளது. இனங்களை நேரில் பார்த்து அறிய விரும்புவோர்க்கு அது நல்ல இடம்.

சிம்பிடியத்திற்குப் பகலில் 18 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், இரவில் 10 முதல் 15 டிகிரி வரையிலும் வெப்பம் இருத்தல் நலம். கோடையின் இறுதியில் இரவுகள் நன்கு குளிர்ந்தால்தான் குமிழின் அடியில் பூங்காம்பு முளைக்கும். இரவு குளிராவிட்டால் இலை மட்டும் வரும், பூ வராது.

காரைக்காலின் இரவு

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. காரைக்காலோ கடலோரச் சமதரை. ஆகவே இவ்விரு ஊர்களுக்கும் இடையே 12, 13 டிகிரி வேறுபாடு இருப்பது இயல்பு. நம் ஊரில் மார்கழி, தை மாதங்களிலும் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. சித்திரை, வைகாசியில் 26, 27 டிகிரி வரை நிற்கும்.

பகலில் வெயிலின் உதவியால் செடி உணவு செய்கிறது. இரவில் அவ்வுணவில் ஒரு பங்கை மூச்சு விடுவதற்குச் செலவழிக்கிறது. இரவு வெப்பம் கூடக்கூட இச்செலவும் கூடும். குளிர் விரும்பும் செடி நம் ஊரில் பகலில் சம்பாதித்ததை இரவில் இழந்து, பின்னர் குமிழில் சேமித்திருந்ததையும் கரைத்துக்கொள்கிறது. குமிழ் சுருங்குவதும், ஒவ்வோர் ஆண்டும் புதுக்குமிழ் முந்தையதைவிடச் சிறுத்து வருவதும் இதனால்தான். நெல்லுக்கும் இது பொருந்தும். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணையில் பல ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்து 2004 இல் வெளியிட்ட முடிவின்படி, வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடும்போது நெல் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்தது. வெப்ப நாட்டுப் பயிரான நெல்லுக்கே இந்நிலை என்றால் மலைச்செடியின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

ஈரச்சாக்கு தொங்கவிட்டும் தரையில் நீர் தெளித்தும் இரவைக் குளிர்விக்க முடியாதா என்று கேட்கலாம். நீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி உண்டாகும். கடலோரத்தில் இரவுக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் எளிதில் ஆவியாவதில்லை. உள்நாட்டு வறண்ட ஊர்களில் மண்பானை நீர் நன்கு குளிர்வதையும், கடலோர ஊர்களில் அவ்வளவாகக் குளிராததையும் நாம் அறிவோம். காரணம் இதுவே. பகலில் வறண்ட மேல்காற்று வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் ஈரச்சாக்கு ஓரளவு உதவும். இரவில் உதவாது.

ஆகையால் காரைக்காலில் பெரும்பூச் சிம்பிடியத்தை வணிகத்திற்காகப் பயிரிடுதல் கூடாது. கையில் இருக்கும் ஒன்றிரண்டு செடிகளைப் பூ உள்ளவரை பார்த்து மகிழலாம். பிறகு கவனத்துடன் சில ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கலாம். அது மறுபடியும் பூப்பது அரிது. மலைப்பகுதியில் உறவினர் இருப்பின் அவரிடம் கொடுத்து வைப்பது செடிக்கு நல்லது.

தொட்டி மாற்றுவது ஏன்?

ஆர்க்கிட் தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக மரப்பட்டை, தேங்காய் மட்டை, கரி போன்ற பொருள்களை இடுகிறோம். இவற்றில் மட்டையும் பட்டையும் நாளடைவில் மட்கித் தூளாகின்றன. தூள் இடுக்குகளை அடைக்கும், நீர் வடியாது, காற்று புகாது. மலையில் இரண்டு, மூன்று ஆண்டுகள் தாங்கும் ஊடகம் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் விரைந்து மட்கிவிடும். ஆகவே இங்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டி மாற்றுதல் அவசியம்.

கீழ்க்கண்ட அறிகுறிகளைக் கொண்டும் தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் ஊற்றினால் உடனே வடியாமல் மேலே தேங்குதல். தொட்டியிலிருந்து புளித்த வாடை வீசுதல். குமிழ்கள் விளிம்பை முட்டித் தொட்டிக்கு வெளியே சாய்தல். தண்ணீர் இருந்தும் குமிழ் சுருங்குதல். ஊடகத்தின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளை உப்புப் படிதல். இவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டால் காலம் கடத்தாமல் தொட்டி மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஏற்ற காலம்

பூ முடிந்து, புதுக்குருத்து விரல் நீளம் வளர்ந்து, அதன் அடியில் பச்சை நுனியுடன் புதுவேர் எட்டிப் பார்க்கும் நேரமே சிறந்தது. அப்போது மாற்றினால் புதுவேர் நேரே புது ஊடகத்தில் இறங்கிவிடும். வேர் நீண்டபின் மாற்றினால் நுனி ஒடிந்துபோகும்.

நம் பகுதிக்குத் தை மாதக் கடைசி முதல் பங்குனி நடுவரை உள்ள காலம் ஏற்றது. மழை ஓய்ந்திருக்கும், கடும் வெயில் தொடங்கியிராது. ஐப்பசி முதல் மார்கழி வரை தொட்டி மாற்றினால் வெட்டுக்காயங்களில் அழுகல் புகும். அக்கினி நட்சத்திர நாட்களில் மாற்றினால் வேர் பிடிக்குமுன் செடி உலர்ந்துவிடும். ஆனால் வேர் அழுகிவிட்ட செடிக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. எந்த மாதமாயினும் உடனே மாற்ற வேண்டும்.

ஊடகம் தயாரித்தல்

தென்னை நமக்குப் பஞ்சமில்லை. நன்கு முற்றி உலர்ந்த தேங்காய் மட்டையை 3 முதல் 4 செ.மீ. அளவுள்ள துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். மட்டையில் உப்பும் துவர்ப்புச் சாறும் உண்டு. உப்பங்கழியில் ஊறிய மட்டையைத் தொடவே கூடாது. வெட்டிய துண்டுகளை நல்ல தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். வடியும் நீரின் செந்நிறம் நன்கு குறைந்ததும் எடுத்து நிழலில் உலர்த்தலாம்.

இத்துடன் அதே அளவில் உடைத்த அடுப்புக்கரியும் ஓட்டுச்சில்லும் சேர்க்க வேண்டும். மட்டைத்துண்டு இரண்டு பங்கு, கரி ஒரு பங்கு, ஓட்டுச்சில்லு ஒரு பங்கு என்ற அளவில் கலப்பது போதுமானது. கரியும் ஓடும் மட்கா. ஆகவே இடுக்கு அடைபடாது. தேங்காய் நார்க்கழிவுத் தூளை மட்டும் தனியே இடுவது தவறு. அது நீரைப் பிடித்துவைத்து வேரை மூடிவிடும். வயல் மண், தொழு உரம், மணல் ஆகியவற்றையும் சேர்க்கக் கூடாது.

தொட்டி மண்தொட்டியாக இருத்தல் நலம். அடியில் மட்டுமன்றிப் பக்கங்களிலும் துளைகள் வேண்டும். செடி சிறிதாக இருக்கத் தொட்டி பெரிதாக இருந்தால் நடுவில் ஈரம் காயாமல் நின்று வேர் அழுகும். செடியின் புதுக்குருத்துப் பக்கம் 5 செ.மீ. இடைவெளி இருக்கும் அளவே போதும். பழைய தொட்டியைப் பயன்படுத்துவதாயின் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் பின் எடுக்க வேண்டும்.

மாற்றும் முறை

கத்தியையும் கத்தரியையும் ஒவ்வொரு செடிக்கும் முன்பாக அடுப்புத் தீயில் காட்டி ஆறவிட்டுப் பயன்படுத்த வேண்டும். இதனைச் சோம்பல் கருதி விடுதல் கூடாது. சிம்பிடியம் மொசைக் என்னும் நச்சுயிரி நோய் வெட்டுக்கத்தியில் ஒட்டும் சாற்றின் மூலம் ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுகிறது. அதற்கு மருந்து கிடையாது. ஒரு நோய்ச்செடியை வெட்டிய கத்தி தோட்டம் முழுவதையும் கெடுத்துவிடக்கூடும்.

முதலில் தொட்டியோடு செடியை அரை மணி நேரம் நீரில் வைக்க வேண்டும். வேர் இளகித் தொட்டிச் சுவரிலிருந்து விடும். விடாத நிலையில் இழுத்து வேரை அறுக்காமல் தொட்டியை உடைத்துவிடுவதே மேல். பிறகு பழைய ஊடகத்தை விரலால் உதிர்த்து, வேரை ஓடும் நீரில் கழுவ வேண்டும்.

வெள்ளையாகவும் அழுத்தினால் கெட்டியாகவும் இருப்பது நல்ல வேர். பழுப்பாகி, அழுத்தினால் குழைந்து, மேல்தோல் உருவி நடுநரம்பு மட்டும் நூல்போல் நிற்பது செத்த வேர். செத்த வேர்களையெல்லாம் அடியோடு வெட்டிவிட வேண்டும். மிக நீண்ட நல்ல வேர்களைத் தொட்டிக்கு ஏற்பச் சற்றுக் குறைக்கலாம்.

ஏழு, எட்டுக் குமிழ்களுக்கு மேல் இருந்தால் மட்டும் செடியைப் பிரிக்கலாம். ஒவ்வொரு பங்கிலும் இலையுள்ள குமிழ்கள் மூன்றாவது நான்காவது இருக்க வேண்டும். ஒரு புதுக்குருத்தும் இருத்தல் அவசியம். ஒரு குமிழ், இரு குமிழாகப் பிரித்தால் செடி பல ஆண்டுகள் பூக்காது. இலையில்லாத பழங்குமிழ்களை எறிந்துவிட வேண்டாம். அவற்றைத் தனியே எடுத்து ஈரமான பாசியிலோ மணலிலோ நிழலில் வைத்தால் தூங்கும் மொட்டு விழித்து முளைக்கும். வெட்டிய இடங்களில் லவங்கப்பட்டைப் பொடியைத் தடவி ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிட வேண்டும்.

தொட்டியின் கால் பகுதிக்குப் பெரிய ஓட்டுச்சில்லுகளை அடுக்க வேண்டும். பழைய குமிழ்கள் விளிம்பை ஒட்டியும், புதுக்குருத்து நடுப்பக்கம் நோக்கியும் இருக்குமாறு செடியை வைக்க வேண்டும். வேர்களைச் சுற்றி ஊடகத்தை இட்டு, தொட்டியின் பக்கத்தைத் தட்டி இடைவெளிகளை நிரப்ப வேண்டும். குமிழின் அடி ஊடகத்தின் மேல்மட்டத்தில் அமர்ந்திருக்க வேண்டும், புதைந்திருக்கக் கூடாது. செடி ஆடினால் புதுவேர் நுனி தேய்ந்து கருகும். ஆகவே ஒரு மூங்கில் குச்சியை நட்டுத் தளர்வாகக் கட்டிவிடுவது நன்று.

மாற்றியபின் கவனிப்பு

முதல் வாரத்தில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காலையில் இலைகளின் மேல் மட்டும் பனி போலத் தெளித்தால் போதும். வெட்டுக்காயம் ஆறியபின் சிறிது சிறிதாக நீரைக் கூட்ட வேண்டும். மூன்று வாரங்கள் வரை நல்ல நிழலில் வைத்திருந்து, பிறகு வழக்கமான இடத்திற்கு மாற்றலாம். புதுவேர் ஊடகத்தில் இறங்கும் வரை, அதாவது நான்கு ஐந்து வாரங்களுக்கு, உரம் எதுவும் இடுதல் கூடாது.

அதன்பின் வளர்ச்சிப் பருவத்தில் சிம்பிடியத்தின் ஊடகம் முற்றிலும் காயவிடலாகாது. தண்ணீரைக் காலையில் ஊற்ற வேண்டும். மாலையில் ஊற்றினால் குருத்தின் இடுக்கில் நீர் இரவு முழுதும் நின்று அழுகல் உண்டாகும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும்போது செடிகளைக் கூரைக்கு அடியில் மாற்றிவிட வேண்டும்.

தண்ணீரில் உள்ள உப்பு

காரைக்கால் விவசாயிகள் மற்றெல்லாவற்றையும்விட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. காவிரியின் கடைமடையில் கடலை ஒட்டி வாழும் நமக்கு நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாகவே கிடைக்கிறது. நெல் ஓரளவு உப்பைத் தாங்கும். ஆர்க்கிட் தாங்காது. நீரின் மின்கடத்தும் திறன் 0.5 டெசிசைமனுக்குக் கீழே இருப்பது ஆர்க்கிட்டுக்கு நல்லது. அதன் கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருக்கலாம். உப்பு நீர் பட்ட செடியில் முதலில் வேர்நுனி கருகும். பிறகு இலைநுனி காயும். இதனை வெயில் காய்ச்சல் என்று தவறாக எண்ணிவிடுவதுண்டு.

ஆகவே செடி வாங்குமுன் ஒரு குப்பித் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து அறிய வேண்டும். செருமாவிலங்கையில் உள்ள பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியிலோ காரைக்கால் வேளாண் அறிவியல் நிலையத்திலோ இதற்கான ஆலோசனையைக் கேட்கலாம்.

உப்பு மிகுதியாக இருந்தால் மழைநீரைச் சேமிப்பதே வழி. பத்து சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் கிடைக்கும். வடகிழக்குப் பருவத்தில் நமக்கு அத்தகைய மழை பலமுறை பெய்கிறது. தொட்டி ஒன்றுக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் என்று கொண்டால் 50 தொட்டிகளுக்கு 12.5 லிட்டர் வேண்டும். அக்கணக்கில் 1,000 லிட்டர் நீர் 80 நாட்களுக்கு வரும். கோடை முழுவதற்கும் எவ்வளவு சேமிக்க வேண்டும், எத்தனை செடி வைக்கலாம் என்பதை இக்கணக்கைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். சேமிப்புத் தொட்டியைக் கொசு புகாதபடி மூடிவைத்தல் அவசியம்.

உரமும் பயிர் பாதுகாப்பும்

நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்துப் பத்து நாட்களுக்கு ஒருமுறை தெளித்தால் போதும். உரமும் ஓர் உப்பே என்பதை மறக்கக் கூடாது. அதனால் மாதம் ஒருமுறை தொட்டியில் நல்ல நீரைத் தாராளமாக ஊற்றித் தேங்கிய உப்பைக் கழுவிவிட வேண்டும்.

செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் இலையின் அடியிலும் குமிழின் இடுக்கிலும் ஒட்டியிருக்கும். தொடக்கத்திலேயே ஈரத்துணியால் துடைத்து, வேப்பெண்ணெய்க் கரைசலைச் சோப்புக் கலந்து மாலையில் தெளிக்கலாம். மழைக்காலத்தில் நத்தைகள் இரவில் வந்து வேர்நுனியைத் தின்னும். அவற்றைக் கையால் பொறுக்கி அழிக்க வேண்டும். வேரழுகலைத் தடுக்கச் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்ற உயிர்க்கொல்லித் தூளை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து ஊற்றலாம். தாமிரம் கலந்த பூஞ்சாணக் கொல்லிகள் டென்ட்ரோபியம் போன்ற சில ஆர்க்கிட்டுகளைக் கருக்கிவிடும். ஆகவே அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

நம் வெப்பத்திற்கு ஏற்ற இனங்கள்

ஆர்க்கிட் எல்லாமே குளிர்நாட்டுச் செடி அல்ல. டென்ட்ரோபியம் கலப்பினங்கள், வாண்டா, மொக்காரா ஆகியவை வெப்பத்தில் செழிக்கும். இவற்றில் பல, பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து காற்றை உட்கொள்ளும் இயல்புடையவை. கேரளத்தில் வீட்டுத் தோட்டங்களில் டென்ட்ரோபியம் சோனியா என்ற இனம் விற்பனைக்காக வளர்க்கப்படுகிறது. தாய்லாந்து நாட்டில் பாங்காக் நகரைச் சுற்றியுள்ள ஆற்றுக் கழிமுகத் தாழ்நிலத்தில், நம் ஊரைப் போன்ற வெப்பத்திலேயே, மேசை போன்ற பலகைகளின் மேல் தேங்காய் மட்டையில் ஆர்க்கிட் பயிரிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். சிங்கப்பூரின் தேசிய மலராக 1981 இல் அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம், அந்நகரத் தோட்டம் ஒன்றில் 1893 இல் வெளிப்பட்ட கலப்பினம். முழு வெயிலில் கம்பத்தில் படர்ந்து பூக்கும் ஆர்க்கிட் அது.

சிம்பிடியம்தான் வேண்டும் என்று விரும்புவோர்க்கும் ஒரு வழி உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தாழ்ந்த இடங்களில் மரங்களின்மேல் வளரும் சிம்பிடியம் அலோயிஃபோலியம் வெப்பம் தாங்கும். இதன் பூ சிறியது. காம்பு கீழ்நோக்கித் தொங்கும். ஆனால் இதைக் காட்டிலிருந்து பறித்து வரக் கூடாது. நாற்றங்காலில் வளர்த்த செடியையே வாங்க வேண்டும். நீல வாண்டா, சிவப்பு வாண்டா முதலிய சில அரிய ஆர்க்கிட்டுகள் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்படுகின்றன.

மேலே சொன்ன தொட்டி மாற்றும் முறை டென்ட்ரோபியத்திற்கும் பொருந்தும். ஆனால் அதற்குத் தொட்டி இன்னும் சிறியதாக இருக்க வேண்டும். மட்டையைக் குறைத்துக் கரியையும் ஓட்டையும் கூட்ட வேண்டும். வாண்டாவிற்கு ஊடகமே தேவையில்லை. இடைவெளியுள்ள மரச்சட்டக் கூடையில் கட்டித் தொங்கவிட்டு, நாள்தோறும் வேரை நனைத்தால் போதும். டென்ட்ரோபியத்திற்கு 50 சதவீத நிழல்வலை ஏற்றது. அடர்ந்த தென்னை நிழலில் இலை செழிக்குமே தவிரப் பூ குறையும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் தொங்கும் செடிகளை இறக்கிக் கட்டிடத்திற்குள் வைக்க வேண்டும். நிழல்வலையையும் அவிழ்த்துவிட வேண்டும். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் தென்னைகளையே சாய்த்ததை நாம் மறக்கவில்லை.

முதல் போடுமுன்

ஆர்க்கிட் நம் ஊரில் தலையில் சூடும் பூ அன்று. மணமேடை அலங்காரம் செய்வோரும் பூச்செண்டு கட்டுவோருமே இதனை வாங்குவர். முகூர்த்த மாதங்களில் கேட்பார்கள். மற்ற மாதங்களில் கேட்பார் குறைவு. ஆகவே முதலில் பூ வாங்குவோரை நேரில் கண்டு, எந்த நிறம், எந்த மாதம், எத்தனை காம்பு என்று கேட்டறிய வேண்டும். பிறகு வெப்பம் தாங்கும் ஓர் இனத்தில் இருபது முப்பது செடிகளை மட்டும் வாங்கி, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கடத்திப் பார்க்க வேண்டும். அவ்விரு பருவத்தையும் தாண்டிப் பூத்த செடிகளைக் கண்ட பின்னரே பெருக்குவதைப் பற்றி எண்ணலாம். கடன் வாங்கி ஒரேயடியாக நூற்றுக்கணக்கில் வைப்பது சிறு விவசாயிக்கு ஏற்றதன்று.

செடி விற்பவரிடம் மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். இனத்தின் பெயர் என்ன? எந்த ஊரில் வளர்ந்தது? அது பூக்க இரவு எவ்வளவு குளிர வேண்டும்? விடை சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். வேர் அழுகினால் ஊடகத்தை மாற்றிக் காப்பாற்றலாம். நீர் உப்பானால் மழைநீரைச் சேமித்துச் சமாளிக்கலாம். காரைக்காலின் இரவை மட்டும் எவராலும் மாற்ற இயலாது. நம் இரவுக்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடுத்து, அதன் வேருக்குக் காற்றும் நல்ல நீரும் கொடுப்போருக்கு ஆர்க்கிட் ஆண்டுதோறும் பூத்துப் பயன் தரும்.